கூரை இறக்கிய கார்

எங்கள் மாமா கார்களின் கூரையை வெட்டி இறக்குகிறவர் என்று ஐந்தாம் வகுப்பில் நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. விபத்தில் நசுங்கிய காரைத்தான் அப்படி வெட்டுவார்கள் என்றாள் ஒருத்தி. சின்னக் கார்தான், ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை என்று நான் விளக்கப்போய், கடைசியில் எனக்கே குழப்பமாகிவிட்டது.

அப்போது நாங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஐந்து வீடுகள், எல்லாருக்குமாக ஒரு குழாய். வீட்டுக்காரம்மா தெலுங்கு, பக்கத்து வீடு கன்னடம், கடைசி வீடு தஞ்சாவூர்ப் பக்கம், நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். குழாயடியில் சண்டை வந்தால் ஒவ்வொருவரும் அவரவர் பாஷையில் திட்டிக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் பெரிதாக மனம் புண்பட்டதில்லை.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. டிப்ளமோ முடித்த கையோடு அப்பாதான் அவரை ஓசூருக்கு வரவழைத்து சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். சேர்ந்து சில வருடங்கள் ஆகியும் டெம்பரவரிதான். பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது, வரப்போகிறது என்று வீட்டில் ஓயாமல் பேசுவார்கள். மழை வரப்போகிறது என்று ஊரில் பேசுவார்களே, அந்த மாதிரி. லிஸ்ட்டில் பெயர் வந்தால் பெண் தருவதாக ஊரில் ஒரு வீட்டில் வாக்கும் கொடுத்திருந்தார்கள்.

மாமா பெங்களூரில் நடைபாதைக் கடை ஒன்றில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையை வாங்கி வந்திருந்தார். அட்டை இல்லாத பழைய பத்திரிகை. அதில் முழுக்க முழுக்க விநோதமான கார்கள். அந்த ஊரில் ஒரு காலத்தில் வாலிபப் பையன்கள் காயலான் கடைக்குப் போகவேண்டிய கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கூரையைச் சில அங்குலம் வெட்டித் தாழ்த்தி, பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்து, மூக்கிலிருந்து கதவுவரை தீ எரிவதுபோல பெயின்ட் அடித்து ஓட்டினார்களாம். அதற்குப் பெயர் ஹாட் ராட். அந்தக் கார்களைப் பார்த்து அதேபோல உள்ளங்கையளவில் செய்து கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்களாம். அவர்களுக்கென்று உதிரி பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்பார்களாம். மாமாவுக்கு அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. எங்கள் வீடு கிடைத்தது.

பால்பேனா ஸ்பிரிங், தீர்ந்துபோன ரீஃபில், சட்டைப் பொத்தான், அப்பாவின் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதம், எண்ணெய் டின்னின் தகரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல்போய், கொஞ்ச நாளில் ஏதாவதொரு காரில் சைலன்ஸராகவோ பம்பராகவோ வந்து சேரும். தீ ஜுவாலைக்கு அம்மாவின் நகப்பூச்சு.

“ஏலே, ஒங்காருக்குக் கல்யாணமால? எம் பாட்டில காலி பண்ணிட்டியே” என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டு அடுத்த முறை கடைக்குப் போகும்போது, தான் எப்போதும் போடாத ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கி வருவாள். தாய் இல்லாத தம்பியைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவள் அவள்.

கடைகளில் விற்கும் சின்ன அம்பாசிடர் காரை வாங்கி அதன் கூரையை இறக்குவதுதான் மாமாவுக்கு ஆரம்பப் பாடம். ரம்பப் பிளேடால் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்து, ஒரு கீற்று எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுவார். அறுப்பதற்கு முன் காரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். நான் ஒருநாள் எதற்காகக் கூரையை இறக்க வேண்டும் என்று கேட்டேன்.

“கூரைங்கறது நெத்தி மாதிரி பாப்பா. நெத்தி ஏறியிருந்தா அப்பாவி மாதிரி முழிக்கும். எறக்கிட்டா மொறைக்கும். ஆனா ரொம்ப எறக்கினா தூங்குத மாதிரி ஆயிரும். அந்த எடம் எதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.”

பிறகு எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் நான் நெற்றியைத்தான் பார்த்தேன். கணக்கு டீச்சருக்குக் கூரை மிகவும் இறங்கியிருந்தது.

அந்த வருடம் குளிர் விட்டு வெயில் ஏறத்தொடங்கிய நாட்களில், முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாமா முகம்கூடக் கழுவாமல் என்னை சைக்கிளில் தூக்கி உட்கார்த்திக்கொண்டு கிளம்பினார். ஹைவேயை ஒட்டி ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. அங்கே ஒரு கூட்டம். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு புகுந்து புகுந்து முன்னால் போனார்.

பத்திரிகையில் பார்த்த கார் அங்கே நின்றுகொண்டிருந்தது. நாகப்பழ நிறம். முன்சக்கரங்கள் சின்னதாக, பின்சக்கரங்கள் தடியாக, பாயப்போகிற நாயைப்போல முன்பக்கம் குனிந்திருந்தது. எஞ்சினை மூடப் பக்கத்தகடு கிடையாது. குழாய்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. மூக்கிலிருந்து கதவுவரை ஆரஞ்சுத் தீ. படத்தில் பார்த்தபோது பெரிதாகத் தோன்றாத ஒன்று நேரில் என்னைப் பயமுறுத்தியது. அது நின்றபோதும் சூடாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார். மழை பெய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதா என்று இன்னொருவர். மாமா சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஓரிடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காரின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தெலுங்கு பேசுகிறவர், பாகலூர்ப் பக்கம். விஷயம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெங்களூரில் ஒரு பெரியவர். அவர் அப்பா காலத்து அமெரிக்கக் கார் காபித் தோட்டத்து ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததாம். அதை எடுத்து இவர் சொந்தச் செலவில் இப்படி மாற்றியிருக்கிறார். கிருஷ்ணகிரி வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று கிளம்பியவருக்கு எங்கள் ஊரில் எஞ்சினின் வாட்டர் பம்ப் கெட்டுப்போய்விட்டது. அந்தப் பம்பு சாமானியமாகக் கிடைக்காது, எங்கேயோ சொல்லி வரவழைக்க வேண்டும். அதுவரை கார் இங்கேதான்.

“அளவு எடுத்துக்கவா அண்ணா?” என்று மாமா கேட்டார்.

“அளவா? சட்டை தைக்கப் போறியாப்பா?” என்றார் மெக்கானிக். சிரித்துவிட்டு, “கை மட்டும் படாம எடுத்துக்க. பெயின்ட் மேல கீறல் வந்துச்சுன்னா பெரியவரு என்ன விடமாட்டாரு” என்றார்.

மறுநாள் அம்மாவின் தையல் டேப்போடு போனோம். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மாமா மறுமுனையில் நின்று சத்தமாக அளவு சொல்லுவார். நிஜத்தில் இரண்டு அடி என்றால் மாமாவின் காரில் ஓர் அங்குலம். அந்த வகுத்தல் கணக்கு என் பொறுப்பு. வகுப்பில் தப்பும் தவறுமாகப் போடுகிற நான், ஷெட்டில் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போடவில்லை. போட்டால் கார் கோணிக்கொள்ளும் என்ற பயம். மெக்கானிக் என்னை ஒருநாள் சீட்டில் உட்காரவைத்தார். அந்தச் சின்ன ஜன்னல் வழியே பார்த்தபோது எங்கள் ஹைவேயும் லாரிகளும் வேறு ஊரைப்போல இருந்தன.

இந்தத் தடவை மாமா கடையில் வாங்கிய காரைத் தொடவில்லை. தகரத்தை வெட்டி, மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டித் தட்டி, உடம்பு முழுவதையும் தாமே செய்தார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தால், அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறவரைக்கும் டக்டக் என்ற சத்தம்தான். ஷெட்டில் பெயின்ட் அடிக்கிறவர் மிச்சத்தைக் கலந்து நாகப்பழ நிறத்தில் ஒரு மூடியளவு கொடுத்தார்.

எல்லாம் நிஜக்காரைப்போலவே வந்தது. கூரையைத் தவிர. கூரைக்குத் தூண் வைக்கும்போது நான் வகுத்துச் சொன்ன அளவை மாமா கேட்டார், தலையாட்டினார், ஆனால் அதைவிடக் குறைவாக வெட்டினார். கணக்கு தப்பா மாமா என்று கேட்டேன்.

“கணக்கு சரிதான் பாப்பா. கார்தான் தப்பு” என்றார்.

பம்பு வந்து சேர்ந்ததும் பெங்களூர்ப் பெரியவரும் வந்தார். அரைக்கால் சட்டை, ஒரு முழங்கால் மடங்காத நடை. மாமா தம் காரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். காட்டுவதா வேண்டாமா என்று அவர் தயங்கிக்கொண்டிருக்க, மெக்கானிக்தான் அதை வாங்கி நிஜக்காரின் பானெட்மேல் ஒரு துணியை விரித்து வைத்தார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார். பின்பு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தார்.

“யாரு பண்ணது?”

மாமா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

“ரூஃப் தப்பா இருக்கே தம்பி. என்னோடது இன்னும் மேலே இருக்கு.” பெரியவரின் தமிழில் கன்னடத்தின் இழுப்பு இருந்தது.

“தெரியும் சார். இன்னும் ரெண்டு இஞ்சு எறக்கியிருக்கணும்னு தோணுச்சு. அதான் இதுல எறக்கிப் பாத்தேன்.”

எனக்கு மாமாவின் மேல் கோபமாக வந்தது. அளவுப்படி செய்திருக்கலாம் அல்லவா. பெரியவர் நிஜக்காரையும் சின்னக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மெக்கானிக் சிரித்தார். அதன்பிறகுதான் பெரியவர் மாமாவிடம் திரும்பினார்.

“எனக்கும் தோணிச்சு. நாலு வருஷமா தோணுது. கண்ணாடி உடைஞ்சா வேற கிடைக்காதுன்னு பயம். அதுவும் இல்லாம, வெட்டினப்புறம் நல்லா இல்லேன்னா? திருப்பி ஒட்ட முடியுமா? இப்படி யாராவது முதல்ல சின்னதா பண்ணிக் காட்டியிருந்தா…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பெங்களூரில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட்டாம். அதில் இன்னும் சில பழைய கார்கள் கிடக்கின்றனவாம். மாமா அங்கே வந்துவிட வேண்டும். எதை வெட்டுவதானாலும் முதலில் மாமா சின்னதாகச் செய்து காட்டுவது, பிடித்தால் பெரிதில் வெட்டுவது. கம்பெனியில் தருவதற்குக் குறையாமல் தருவார், தங்க இடமும் உண்டு. இதையெல்லாம் அவர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, மழை வருமா என்று பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். மாமா இரண்டு கையாலும் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்குக் கார் போகும்போது சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது ஏற்றத்தில்கூட இறங்காமல் மிதித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு. அன்று பேசியதைப்போல எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பேசியதில்லை. அம்மா முதலில் சிரித்தாள், பிறகு மாமா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா கோவில்பட்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். முதலாளி தங்கமானவர், அப்பாவை மகன்போல வைத்திருந்தார். ஒருநாள் காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மகன்கள் மெஷின்களை விலைபேசிவிட்டார்கள். அதற்குப்பிறகு ஓசூருக்கு வந்து சேரும்வரை நாங்கள் எப்படி இருந்தோம் என்பது எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு அதைத்தவிர வேறு எதுவும் நினைவில்லை.

“அந்தப் பெரியவருக்கு நாளைக்கு ஒண்ணுன்னா ஒன்ன யாருல வச்சிக்கிடுவா? அவரு பிள்ளைக இந்தக் காரையெல்லாம் எடைக்குப் போட்டுட்டுப் போவும்.”

“அதுக்குள்ள நான் தொழில் கத்துக்கிட மாட்டனாக்கா?”

“கூரை வெட்டுத தொழிலா?”

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “மாப்ள, அவரு பெரிய மனுசன். அவருக்கு இது பொழுதுபோக்கு. ஒரு நாளைக்குச் சலிச்சுப்போச்சுன்னா விட்டுருவாரு. நமக்கு அப்படியா?” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு அப்பாவே ஒரு வழியும் சொன்னார். லிஸ்ட் வர இன்னும் இரண்டு மூன்று மாதம்தான். அதுவரை டைம் கேள். லிஸ்ட்டில் பெயர் வரவில்லையென்றால் போ, யார் தடுக்கப்போகிறார்கள்?

எனக்கு அந்த வழி பிடித்திருந்தது. மாமா பெங்களூருக்குப் போய்விட்டால் டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பார்கள் என்பதுதான் என் கவலை. அன்று சாயங்காலம் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்குக் கூட்டிப்போனபோது லிஸ்ட்டில் மாமா பெயர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மாவும் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு பேருக்கும் வேண்டுதல் ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மலைக்குப் போகும் முன்பே ஷெட்டுக்குப் போய் மாமா டைம் கேட்டுவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. தாமும் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகவேண்டியிருக்கிறது, திரும்பி வந்ததும் இந்த மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்புகிறேன், கிளம்பி வா என்றார். போகும்போது சின்னக் காரைக் கேட்டார். மாமா கைக்குட்டையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. வகுத்தல் முழுவதும் நான் போட்டது. பெரியவர் எஞ்சினைக் கிளப்பினார். ஷெட்டின் தகரக் கூரை நடுங்கியது. டீக்கடை கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நாகப்பழக் கார் செக்போஸ்ட் பக்கமாகப் போய் மறைந்த பிறகும் மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மாமா ஷெட்டில் நிற்பார். மெக்கானிக் தூரத்திலிருந்தே கையை விரிப்பார். லிஸ்ட்டும் தள்ளிப்போனது. கம்பெனியில் விஷயம் தெரிந்து, “என்னப்பா, அமெரிக்கா எப்பப் போற?” என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாமா ஷெட்டில் நிற்பதைக் குறைத்துக்கொண்டார். நீங்களே ஒருதரம் பெங்களூர் போய்க் கேட்கலாமே என்று நான் சொன்னேன்.

“கூப்பிட்டா போவேன் பாப்பா. கூப்பிடாமப் போய் நின்னா, வேலை கேட்டு வந்த ஆளு மாதிரி ஆயிரும்.”

அந்தச் சமயத்தில்தான் ஹைவேயை அகலப்படுத்தும் வேலை எங்கள் பக்கம் வந்தது. ரோட்டோரத்துக் கடைகளுக்குச் சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள். டீக்கடை போனது, பஞ்சர் கடை போனது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மெக்கானிக் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பாப்பா, ரா ரா. மாமா எங்க?”

“செகண்ட் ஷிப்ட்.”

“நான் ஊருக்குப் போயிடறேன்மா, இனிமே இங்க இல்ல. மாமாகிட்ட சொல்லு. பெரியவரு வந்துட்டாரு. வண்டியோட ரூஃப மாமா பண்ண மாதிரியே வெட்டிட்டாரு. அந்தச் சின்ன வண்டிய பக்கத்துல வச்சிக்கிட்டே வெட்டினாராம். சூப்பரா இருக்குதாம். ஒடனே வரச்சொன்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுல ஆளு நிக்கும், மறந்துடாத.”

நான் ஓடினேன். மாமா வர ராத்திரியாகும், அதற்குள் தூங்கிவிடுவேன். அம்மா குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். “சரி, நான் சொல்லிக்கிடுதேன், நீ போய்க் கைகால் கழுவு” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருந்தார். சைக்கிளைக் கழுவினார். மத்தியானம் தூங்கினார். போக வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களின் முடிவு என்றால் அப்படித்தான், சத்தமில்லாமல் எடுப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேட்டால் மனம் மாறிப் போய்விடுவாரோ என்று பயந்து நானும் கேட்கவில்லை.

லிஸ்ட் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. மாமாவின் பெயர் இருந்தது. அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். கன்னடக்காரப் பெண்மணி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமாவுக்கு அடுத்த தை மாதமே கல்யாணம். அத்தை நல்லவர். மத்திகிரியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பாத்திரம் பண்டம் ஏற்றியபோது, ஜன்னலோரக் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரத் துண்டுகளை மாமாவே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். விட்டுவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு அவர் ஒரு காரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. போன வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் ஒரு வேனில் போனோம். அம்மா முன்சீட்டில். மாமாவும் நானும் பின்னால். மாமாவுக்கு முன்தலையில் முடி கொட்டிவிட்டது. அதே கம்பெனியில் இப்போது இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். மேம்பாலம் ஏறும்போது கீழே கையைக் காட்டினார்.

“இங்கதான அந்த ஷெட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா பாப்பா?”

இருக்கிறது என்றேன்.

“உங்கப்பா சொன்னது சரிதான். பெரிய மனுசனுக்கு அது பொழுதுபோக்கு. வந்ததும் சொல்லி அனுப்புதேன்னு சொன்னாரு. ஒரு வார்த்த வரல. நான் ரொம்ப நாளு பாத்தேன். கல்யாணத்துக்குப் பெறவுகூடக் கொஞ்ச நாளு பாத்தேன்.” சிரித்தார். “அந்தக் கூரைய எறக்கி அவருகிட்டக் காட்டியிருக்கப்பிடாது. அளவுப்படி செஞ்சிருக்கணும். மூஞ்சிக்கு நேரா ஒங்காரு தப்புன்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்கும்?”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது வேன் பாலத்தைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் அம்மா ஜன்னல் கண்ணாடியை மெல்ல ஏற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் கைகழுவுமிடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். “மாமாகிட்ட நீ சொல்லவே இல்லையாம்மா?”

அம்மா கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். “சொல்லியிருந்தா போயிருப்பாம்லா” என்றாள். குழாயை மூடிவிட்டு, “அவனுக்கு இப்ப என்ன கொறை, சொல்லு. வீடு கட்டிட்டான். பிள்ளைக படிக்கி” என்றாள். என்னிடம் கேட்கிறாளா, வேறு யாரிடமாவது கேட்கிறாளா என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெங்களூர் போயிருந்தால் மாமா என்னவாகியிருப்பார் என்பது எனக்கும் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு நிஜக்காரில் தாம் இறக்கிய கூரை ஏறியது என்பதுகூடத் தெரியாமல், தாம்தான் தவறு செய்துவிட்டோம் என்று ஒருவர் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கும்போது அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்குக் குழாயடியில் நடந்தது மட்டும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நான் சொல்லி முடித்ததும் அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நகர்த்தாமல் அப்படியே நின்றாள். பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து, “இன்னொரு தடவ சொல்லு, அவரு சொன்னது சொன்னபடியே சொல்லு” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, தம்பியை நினைத்துப் பெருமையாக இருக்கும் என்று எண்ணினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வதற்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நான் மூச்சை அடக்கிக்கொண்டு, மாமா பண்ண மாதிரியே ரூஃபை வெட்டிவிட்டாராம் என்பதிலிருந்து ஆரம்பித்து, அவள் மறந்துவிடாதபடி, நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னேன்.